புற்றுநோய்க் குடும்பங்களுக்கு உதவும் அமைப்பை மக்களிடம் கொண்டுபோவது எப்படி? கொழும்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

புற்றுநோயாளரின் குடும்பங்களுக்கு உதவவென்று ஓர் அமைப்பைத் தொடங்குகிறவர்கள், முதல் கூட்டத்திலேயே லோகோ, பேஸ்புக் பக்கம், நடைபவனி மூன்றையும் பேசி முடித்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பக்கத்துக்கு ஆயிரக்கணக்கில் லைக் இருக்கும். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசலில் பையோடு நிற்கிற மட்டக்களப்புக் குடும்பத்துக்கோ அப்படியோர் அமைப்பு இருப்பதே தெரியாது.

நோய் இன்னதென்று டொக்டர் சொன்ன அந்த வாரத்துக்குள் உங்கள் தொலைபேசி இலக்கம் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த வேலையில் விளம்பரம் என்று நான் சொல்வது முதலில் இதைத்தான். பணம் கொடுப்பவர்களைத் தேடுவது அடுத்தது. குடும்பங்களிடையே பெயர் எடுத்த அமைப்புக்குக் கொடையாளர் வருவார்கள். கொடையாளரிடம் மட்டும் பெயர் எடுத்த அமைப்பைக் குடும்பங்கள் தாமாகத் தேடி வரமாட்டா. கீழே உள்ள படிகளின் வரிசையும் அதனால்தான் இப்படி இருக்கிறது.

படி 1: என்ன செய்கிறீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள்

அரச மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். ஆனாலும் குடும்பங்கள் நொடிந்துபோகின்றன. ஹட்டனிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ நோயாளியோடு ஒருவர் வர வேண்டும். வருகிறவரின் நாட்சம்பளம் போகும். ரேடியேஷன் என்றால் வாரக்கணக்கில் நாள்தோறும் போக வேண்டியிருக்கும், அதற்குப் பக்கத்தில் தங்க வேண்டும். ஸ்டொக் இல்லாத மருந்தையும் சில பரிசோதனைகளையும் வெளியில் செய்யச் சொல்லி எழுதிக் கொடுப்பார்கள். வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளை யார் பார்ப்பது? சிங்களத்தில் சொல்லப்பட்டது பாதி புரிந்தும் புரியாமலும் வார்டிலிருந்து திரும்பும் தாய் யாரிடம் கேட்பாள்? இவற்றில் எதை நீங்கள் செய்கிறீர்கள்?

“புற்றுநோயால் பாதிக்கப்பட்டோர் வாழ்வில் ஒளியேற்றுவோம்” என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. இப்படி எழுதலாம்:

“மகரகமவில் சிகிச்சைக்கு வரும் வெளியூர்க் குடும்பங்களுக்குத் தங்க இடம் தேடித் தருவோம். கிளினிக் நாளில் தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவர் உங்களோடு வருவார். இதற்குப் பணம் வாங்குவதில்லை.”

மூன்று வசனமாகிவிட்டது, பரவாயில்லை. கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். இலவசம் என்று சொல்லாவிட்டால், “எவ்வளவு கேட்பார்களோ” என்று பயந்தே பாதிப்பேர் அழைக்கமாட்டார்கள்.

செய்யாததையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து சிபாரிசு செய்வதில்லை, டொக்டரை மாற்றச் சொல்வதில்லை, கையில் காசாகக் கொடுப்பதில்லை என்பவை போல. இவை துண்டுப்பிரசுரத்துக்கு அல்ல, தொலைபேசி எடுப்பவருக்கு.

படி 2: பதிவும் வங்கிக் கணக்கும்

கொழும்பில் பஸ் ஏறுகிற எல்லோருக்கும் இந்தக் காட்சி தெரியும். லெமினேட் செய்த ஒரு பிள்ளையின் படம், ஆஸ்பத்திரிக் கடிதத்தின் போட்டோபிரதி, “உதவுங்கள்” என்று ஒரு குரல். அவர்களில் உண்மையானவர்களும் இருக்கிறார்கள், பொய்யர்களும் இருக்கிறார்கள். பயணிகளுக்குப் பிரித்துப் பார்க்க வழியில்லை, ஆகவே யன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். உங்கள் அமைப்பின் பெயர் முதன்முதலாகக் காதில் விழும்போதும் மனம் அதே பக்கம்தான் திரும்பும். சந்தேகத்தைத் தீர்ப்பது கடதாசி.

பதிவு பல வழிகளில் நடக்கிறது. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதியலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும் பதியலாம். ஒரு பிரதேசத்துக்குள் மட்டும் இயங்கும் சிறு குழு என்றால் பிரதேச செயலகத்தில் விசாரித்துத் தொடங்குங்கள். எது பொருந்தும் என்பதை ஒரு சட்டத்தரணியிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொள்வது நல்லது.

வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கட்டும், காசோலையில் இருவர் கையெழுத்திடட்டும். தலைவரின் சொந்தக் கணக்கு இலக்கத்தைப் போட்டு நிதி கேட்கும் போஸ்டர், தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பஸ்ஸில் நீட்டப்படும் லெமினேட் படத்துக்குச் சமம். கணக்கு திறந்ததும், தொலைபேசியால் ஸ்கேன் செய்து பணம் செலுத்தும் லங்காகியூஆர் குறியீட்டை வங்கியிடம் கேளுங்கள். கடை மேசையில் வைக்க உண்டியலைவிட அது நல்லது, ஒவ்வொரு ரூபாயும் கணக்கில் பதிவாகிவிடும்.

படி 3: ஒரு இலக்கம், அதை எடுக்க ஒரு ஆள்

எந்த அச்சு வேலைக்கும் முன்னால் இதை முடியுங்கள். அமைப்புக்கென்று தனி சிம், யாருடைய சொந்த இலக்கமும் வேண்டாம். உறுப்பினர் விலகிப்போனால் இலக்கமும் அவரோடு போய்விடும்.

யார் அழைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நோயாளி பெரும்பாலும் அழைப்பதில்லை. மகள் அழைப்பாள், மருமகன் அழைப்பார், கொழும்பில் கடையில் வேலை செய்யும் தம்பி அழைப்பான். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோய். அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்குப் பேசவே கடினமாக இருக்கும். அவர் வட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்ப வழி இருக்க வேண்டும். எழுதத் தயங்கும் முதியவர் குரல்பதிவு அனுப்புவார். ரீலோட் இல்லாதவர் மிஸ்ட் கோல் கொடுப்பார். அதற்குத் திருப்பி எடுப்பது உங்கள் செலவு, அதை பட்ஜெட்டில் எழுதுங்கள்.

தொலைபேசி எடுப்பவர் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் சற்று நேரம் செலவழிக்கலாம். தெமட்டகொடையிலிருந்து அழைக்கும் ராத்தாவும், நுவரெலியாத் தோட்டத்திலிருந்து அழைக்கும் அண்ணனும், யாழ்ப்பாணத்து அம்மாவும் பேசும் தமிழ் ஒன்றல்ல. எடுப்பவர் தன் தமிழில் பேசட்டும், ஆனால் மெதுவாக. முதல் அழைப்பில் கேட்க வேண்டியவை நான்கே: பெயர் (முதற்பெயர் போதும்), ஊர், அடுத்த கிளினிக் திகதி, இப்போது எது அவசரம். நோயின் விபரம், ரிப்போர்ட், வருமானம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் அழைப்பிலேயே ரிப்போர்ட் அனுப்பச் சொன்னால் அடுத்த அழைப்பு வராது.

கடைசியில் ஒன்று கேட்கட்டும்: “எங்களைப் பற்றி எங்கே கேள்விப்பட்டீங்க?” பதிலை ஒரு கொப்பியில் எழுத வேண்டும். உங்கள் விளம்பரத்தின் முழு ஆய்வும் அந்தக் கொப்பிதான். படி 9இல் அதற்குத் திரும்புகிறேன்.

படி 4: குடும்பங்களைச் சென்றடைதல்

இந்தப் படியே வேலையின் பெரும்பகுதி. மற்றதெல்லாம் தவறினாலும் இது சரியாக நடந்தால் அமைப்பு நிற்கும்.

முதலில் அட்டை. ஏ4 துண்டுப்பிரசுரம் வேண்டாம், அதை மடித்துப் பைக்குள் போட்டால் பிறகு எடுப்பதில்லை. கிளினிக் கொப்பிக்குள் செருகக்கூடிய அளவில் தடித்த அட்டை ஒன்று. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். தமிழ்க் குடும்பங்களுக்கு ஏன் சிங்களம் என்று கேட்பார்கள். அட்டையை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் சிங்களம் பேசும் தாதியர். தன் கையால் கொடுப்பதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எந்தத் தாதியும் கொடுக்கமாட்டார், கொடுக்கவும் கூடாது. இலக்கம் இரண்டு பக்கமும் பெரிதாக இருக்கட்டும், வாசற்படியில் நின்று கண்ணாடி இல்லாமல் படிக்கக்கூடிய அளவுக்கு.

“புற்றுநோய்” என்ற சொல்லைத் தலைப்பில் கொட்டை எழுத்தில் போடாதீர்கள். வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள் என்பதற்காகவே தாயின் நோயை அயலவருக்குச் சொல்லாமல் மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அது சரியா தவறா என்ற விவாதம் வேறு. அந்த அட்டையை அவர்கள் பஸ்ஸில் வெளியே எடுக்க வேண்டும், அவ்வளவுதான். “மகரகம சிகிச்சைக்கு வருவோருக்கான உதவி” என்றால் விளங்கவேண்டியவருக்கு விளங்கும்.

இனி இடங்கள். மகரகமவிலுள்ள அந்த அபேக்ஷா மருத்துவமனைக்குள் அட்டை வைக்கப் பணிப்பாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். பதிவுச் சான்றிதழ், செய்யும் சேவை, பொறுப்பானவரின் பெயர், மாதிரி அட்டை நான்கையும் கடிதத்தோடு இணையுங்கள். அனுமதி வந்ததும் வார்ட் சிஸ்டர்மாரையும் சமூக சேவை உத்தியோகத்தரையும் தனித்தனியே போய்ப் பாருங்கள். சுவரில் ஒட்டிய போஸ்டரைவிட ஒரு சிஸ்டர் “இவங்களுக்கு ஒரு கோல் எடுத்துப் பாருங்க” என்று சொல்வது பலமடங்கு பெறும். அனுமதியில்லாமல் சுவரில் ஒட்டாதீர்கள். கிழித்துப்போடுவதோடு அடுத்த முறை உள்ளேயும் விடமாட்டார்கள்.

மதில் தாண்டி வெளியே யாரிடமும் கடிதம் தேவையில்லை. மருத்துவமனையைச் சுற்றியுள்ள பார்மசி, ஆய்வுகூடம், போட்டோபிரதிக் கடை, சாப்பாட்டுக் கடை, அறை வாடகைக்கு விடும் வீடுகள், ஓட்டோ ஸ்டாண்ட். போட்டோபிரதிக் கடையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஒவ்வொரு குடும்பமும் ரிப்போர்ட்டைப் பிரதி எடுக்க அங்கே ஒரு தடவையாவது நிற்கிறது, நிற்கும்போது சும்மாதான் நிற்கிறது. ஓட்டோ சாரதிகளுக்கு அட்டையோடு பத்து நிமிடப் பேச்சும் வேண்டும். புறக்கோட்டையிலிருந்து 138ஆம் இலக்க பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் வழி கேட்பது அவர்களிடம்தான்.

மகரகம கடைசி நிறுத்தம் என்பதையும் மறக்க வேண்டாம். குடும்பம் அங்கே வருவதற்கு முன்பே பயணத்தைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன, சில சமயம் நகையும் அடகுக்குப் போய்விடுகிறது. ஆகவே அட்டை ஊர்களுக்கும் போக வேண்டும். கண்டி, மட்டக்களப்பு, பதுளை மருத்துவமனைகளில் புற்றுநோய்ப் பிரிவுகள் இருக்கின்றன, வடக்கில் தெல்லிப்பழை இருக்கிறது. அங்கேயே சிகிச்சை கிடைக்கும் குடும்பத்தைக் கொழும்புக்கு வரவைப்பது உதவியாகாது. மேலதிக சிகிச்சைக்காக இங்கே அனுப்பப்படும் குடும்பத்துக்கு இலக்கத்தைக் கொடுத்து அனுப்பச் சொன்னால் போதும். வாய்ப்புற்றுநோயில் முதலில் சந்தேகப்படுபவர் பல் வைத்தியராக இருப்பதால், ஆதார வைத்தியசாலைப் பல் சிகிச்சைப் பிரிவுகளையும் பட்டியலில் சேருங்கள். தோட்டப்புறங்களில் தோட்ட வைத்திய உதவியாளரும் குடும்ப நல உத்தியோகத்தரும் அறிந்தால் தோட்டமே அறிந்த மாதிரி.

கொழும்பிலேயே இருந்துகொண்டு மலையகத்தை எட்ட இன்னொரு வழி உண்டு. புறக்கோட்டையில், வெள்ளவத்தைக் கடைகளில் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போவார்கள். கடை முதலாளியிடம் சொல்லி, போவதற்கு முதல் வாரம் ஆளுக்கு ஐந்து அட்டை கொடுங்கள். தபாலில் அனுப்பிய பெட்டி தோட்டத்து ஒபிஸில் கிடக்கும்; பையன் கையில் கொடுத்தது சித்தப்பா வீட்டுக்குப் போகும்.

படி 5: கதையும் படமும்

நிதி கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது முடி உதிர்ந்த ஒரு பிள்ளையின் படம். வேலை செய்கிற படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை குணமாகிப் பதினைந்து வயதில் தன் பெயரைத் தேடும்போது அந்தப் படம் இன்னும் அங்கே இருக்கும். பிள்ளை குணமாகாவிட்டால், தாயின் தொலைபேசியில் ஒவ்வொரு வருடமும் யாரோ அதை ஃபோர்வர்ட் செய்துகொண்டிருப்பார்கள். என் கருத்து: நோயுற்ற பிள்ளையின் முகம் வேண்டாம். சம்மதம் இருந்தாலும் வேண்டாம்.

பெரியவர்கள் என்றால் கீழ்க்கண்ட ஒழுங்கு போதும். உதவி கிடைத்த அன்றே சம்மதம் கேட்காதீர்கள். அன்று எவரும் மறுக்கமாட்டார், அந்தச் சம்மதத்துக்குப் பெறுமதியும் இல்லை. சில வாரம் கழித்து, வார்டுக்கு வெளியே, அவர்களுடைய மொழியில் எழுதிய ஒரு பக்கக் கடிதத்தோடு கேளுங்கள். படம் எங்கே வரும், எவ்வளவு காலம் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாம் என்பது அதில் இருக்கட்டும். படம் கொடுக்காதவருக்கும் அதே உதவிதான் என்ற வரி கட்டாயம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பு வகைத் தரவாகப் பார்க்கிறது. கிளினிக் கொப்பியின் படத்தைக் குழுமத்தில் போடும் வழக்கம் உங்கள் அமைப்பில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

படம் இல்லாமல் எதைக் காட்டுவது? செலவைக் காட்டுங்கள். ஹட்டனிலிருந்து இருவர் ஒரு கிளினிக்குக்கு வந்துபோக பஸ்ஸுக்கு எவ்வளவு, ஓட்டோவுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு, ஒரு இரவு அறைக்கு எவ்வளவு, இழந்த நாட்சம்பளம் எவ்வளவு. உண்மையான பற்றுச்சீட்டுகளிலிருந்து எடுத்த ஆறு வரிகள், கூட்டுத்தொகையோடு. அழவைக்கும் படத்தைப் பார்த்தவர் ஒரு தடவை கொடுப்பார். கணக்கைப் பார்த்தவர், “மாதம் ஒரு பயணம் என் பொறுப்பு” என்பார்.

படி 6: பத்திரிகையும் வானொலியும்

வீரகேசரி, தினகரன், தினக்குரல், தமிழ் மிரர், முஸ்லிம் வாசகர்களுக்கு விடிவெள்ளி. வானொலியில் சக்தி, சூரியன், தென்றல். கொழும்பில் இருந்தபடியே இந்த அலுவலகங்களுக்கு நேரில் போகலாம் என்பது நமக்குள்ள வசதி. போங்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

செய்தியில் முதல் பந்தி “தலைவர் மங்கல விளக்கேற்றி ஆரம்பித்து வைத்தார்” என்று தொடங்கினால் அது மூன்றாம் பக்கத்து மூலைக்குத்தான். “கிளினிக் நாட்களில் வெளியூர்க் குடும்பங்களோடு செல்ல மொழி உதவியாளர்கள், அழைக்க வேண்டிய இலக்கம் இது” என்று தொடங்கினால் வாசகருக்கு அதில் வேலை இருக்கிறது, ஆசிரியருக்கும் தலைப்பு கிடைத்துவிடுகிறது. முந்நூறு சொல்லுக்குள் முடியுங்கள். எழுத்து யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டி அனுப்பினால் பெறுபவரின் தொலைபேசியில் குப்பை எழுத்தாகத் தெரியும், அவர் அடுத்த செய்திக்குப் போய்விடுவார்.

நாட்காட்டியில் பெப்ரவரி 4 உலகப் புற்றுநோய் தினம், பெப்ரவரி 15 சர்வதேசச் சிறுவர் புற்றுநோய் தினம், செப்டெம்பர் சிறுவர் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம், ஒக்டோபர் மார்பகப் புற்றுநோய் மாதம். இவற்றில் ஒக்டோபரைச் சிறு அமைப்புகள் விட்டுவிடலாம். வங்கி முதல் கேக் கடை வரை எல்லோரும் இளஞ்சிவப்பில் நிற்கும்போது உங்கள் குரல் கேட்காது. பரீட்சைக்காலம் பார்த்து, நோயாளி வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பற்றி ஒரு கட்டுரை கொடுத்தால் அந்த வாரத்தில் அதற்குப் போட்டியில்லை.

வானொலியில் அமைப்பின் வரலாற்றைச் சொல்லி நேரத்தைக் கரைக்காதீர்கள். இலக்கத்தை மெதுவாக, இரண்டு இரண்டாகப் பிரித்து, இரண்டு தரம் சொல்லுங்கள். கேட்பவர் அடுப்படியில் பேனை தேடிக்கொண்டிருக்கிறார்.

படி 7: தொலைபேசித் திரையில்

வட்ஸ்அப் ஃபோர்வர்ட் ஒன்று அனுப்பினால் அது உங்கள் கையை விட்டுப் போய்விடும். மூன்று வருடம் கழித்தும் எங்கோ சுற்றும். ஆகவே ஒவ்வொன்றிலும் திகதியும், “இந்த அறிவித்தல் இன்ன திகதி வரை” என்பதும் இருக்க வேண்டும். நோயாளியின் பெயரும் கட்டில் இலக்கமும் ஒருபோதும் வேண்டாம். படத்துக்குள் எழுத்தை வைத்து அனுப்புவது மட்டும் போதாது, அதே செய்தியை எழுத்தாகவும் அனுப்புங்கள். படத்திலிருந்து இலக்கத்தைத் தொட்டு அழைக்க முடியாது. அரை நிமிடக் குரல்பதிவு ஒன்றும் சேர்த்தால் வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் போகும்.

குறுஞ்செய்தி அனுப்பப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு கணக்கு. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம். தமிழில் 70 மட்டுமே. அந்த எழுபதிலும் ‘கொ’ என்பது இரண்டு இடம் பிடிக்கும், ‘க்’ இரண்டு பிடிக்கும். நீங்கள் ஒன்றென்று நினைத்தது இரண்டு மூன்று செய்தியாகிக் கட்டணமும் அப்படியே ஏறும். “மகரகம சிகிச்சைக்கு உதவி. இலவசம்.” பிறகு இலக்கம். இவ்வளவுக்குத்தான் இடம்.

பேஸ்புக் பக்கம் தேவை, ஆனால் கடையின் பெயர்ப்பலகை அளவுக்கு மட்டும். யாராவது பெயரைத் தேடினால் பதிவிலக்கம், முகவரி, நேரம், கணக்கறிக்கை தெரியட்டும். பின்னூட்டங்களில் “இந்த இலைச்சாறு குடித்தால் கட்டி கரையும்” என்று எழுதுகிறவர்கள் வருவார்கள். விவாதிக்காமல் நீக்குங்கள். உங்கள் பக்கத்தில் கிடந்தால் நீங்கள் சொன்னதாகவே ஆகிவிடும், அதை நம்பி கீமோவை நிறுத்துகிறவர் ஒருவர் போதும்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகளிடம் நிதி கேட்பதென்றால், அங்கே பதிவுபெற்ற ஓர் அறநிலையத்தோடு உடன்படிக்கை செய்துகொள்வதுதான் நீடிக்கும். இணையத்தில் நிதி திரட்டும் கோஃபண்ட்மீ தளம் இலங்கை வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புவதில்லை. அங்குள்ள ஒருவரின் சொந்தக் கணக்கில் சேர்த்து அனுப்புவது, படி 2இல் சொன்ன சந்தேகத்தைக் கடல் கடந்தும் கொண்டுபோகும்.

படி 8: ஊரின் நடுவே

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வழி. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் எல்லா மதத்தவரும் கலந்தது. பள்ளிவாசலில் நிர்வாகத்திடமும் மௌலவியிடமும் பேசினால் ஜும்ஆவுக்குப் பின் ஓர் அறிவித்தல் கிடைக்கும். ரமழானில் ஸகாத் தர விரும்புவோர் இருப்பார்கள், அது எவருக்குச் சேரலாம் என்பதை மௌலவியிடமே கேட்டுத் தனியாகக் கணக்கு வையுங்கள். செட்டியார் தெரு நகைக்கடைக்காரர்களும் பழைய மாணவர் சங்கங்களும் எல்லோரும் தட்டும் கதவுகள். அங்கே பொதுவாக “ஆதரவு தாருங்கள்” என்று போனால் ஒரு தேநீரோடு முடிந்துவிடும்.

நம்மவரிடம் அதிகம் பயன்படுத்தப்படாத வழி நினைவு நாள். அப்பாவின் திதிக்கோ அம்மாவின் ஆண்டு நினைவுக்கோ இல்லம் ஒன்றுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் வழக்கம் கொழும்புத் தமிழ் வீடுகளில் ஊறிப்போனது. அதே செலவில், அந்தத் திகதியில், தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு நாள் உணவும் ஓர் இரவுத் தங்கலும் என்று ஓர் ஏற்பாட்டை வைத்துப் பாருங்கள். ஒரு தடவை தந்தவருக்கு மறுவருடம் இரண்டு வாரம் முன்னதாக ஒரு கடிதம் போதும், திகதி அவர் நெஞ்சில் ஏற்கெனவே இருக்கிறது. நிகழ்ச்சி நடத்திக் கைநஷ்டப்படாமல் ஆண்டு முழுவதும் வருமானம் வரும் ஒழுங்கு இது.

பெரிய நிகழ்ச்சி பற்றியும் சொல்ல வேண்டும், எல்லோரும் கேட்பார்கள். 2011இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி சேர்த்தார்கள்; 2016இல் மறுதிசையில் நடந்து காலி கராப்பிட்டிய மருத்துவமனைக்குச் சேர்த்தார்கள். அதே 2016இல், மகனுக்குப் புற்றுநோய் வந்த ஒரு தந்தை முன்னின்று, கதீஜா பவுண்டேஷனின் குழுவொன்று மகரகமவுக்கு, புற்றுநோய் உடலில் எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் (PET) ஸ்கேனர் ஒன்று வாங்க 20 கோடி ரூபாய் இலக்கு வைத்துப் பொதுமக்களிடமிருந்தே திரட்டியது. இவை ஓடியதற்குக் காரணம் நடையோ டீசேர்ட்டோ என்று நான் நினைக்கவில்லை. ஒரு மருத்துவமனை, ஒரு இயந்திரம், ஒரு தொகை. சேர்ந்ததா இல்லையா என்று எவரும் பார்க்கலாம். சிறிய அமைப்பு இதிலிருந்து எடுக்க வேண்டியது அந்த ஒரு அம்சத்தை. “இரண்டு அறைக்கு ஒரு வருட வாடகை, இவ்வளவு தேவை, இன்றுவரை இவ்வளவு” என்ற பலகை ஒன்றை வெள்ளவத்தைக் கடையொன்றின் வாசலில் வைத்து வாராவாரம் சேர்ந்த தொகையை மாற்றி எழுதுங்கள். நடைபவனி அமைப்புக்கு ஐந்து வயதான பிறகு பார்க்கலாம். வீதியில் உண்டியல் குலுக்குவதென்றால் மாநகர சபையிடமும் பொலிஸிடமும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறுங்கள்.

படி 9: கொப்பியைத் திறந்து பாருங்கள்

மூன்று மாதத்துக்கு ஒரு தரம், “எங்கே கேள்விப்பட்டீங்க” பக்கத்தை எண்ணுங்கள். சிஸ்டர் சொன்னது, ஓட்டோ, வானொலி, உறவினர், பேஸ்புக் என்று கோடு போட்டாலே தெரியும். ஒருவரும் சொல்லாத வழிக்கு அடுத்த காலாண்டில் காசு வேண்டாம், அது தலைவருக்குப் பிடித்ததாக இருந்தாலும். அதோடு, நோய் தெரிந்த நாளுக்கும் முதல் அழைப்புக்கும் இடையில் எத்தனை நாள் என்று பாருங்கள். லைக் எண்ணிக்கையைவிட அந்த இடைவெளி குறைவதுதான் முன்னேற்றம்.

அழைப்பு கூடிக் கைமீறினால் விளம்பரத்தைக் குறையுங்கள். எடுக்காத இலக்கத்தைவிட அச்சடிக்காத அட்டை மேல். உங்களால் முடியாததைக் கேட்பவருக்கு அடுத்த கதவைக் காட்டவும் தயாராக இருங்கள். 1948இலிருந்து இயங்கும் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் மகரகமவில் சாந்த செவன என்ற பராமரிப்பு இல்லத்தை நடத்துகிறது. இந்திரா புற்றுநோய் நம்பிக்கை நிதியம் நோயாளருக்கும் குடும்பங்களுக்கும் பணிபுரிகிறது. நாரஹேன்பிட்டியில் தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் ஆரம்பக் கண்டறிதல் நிலையம் உண்டு. இவர்களோடு போட்டியில்லை, அவர்கள் மேசையில் உங்கள் அட்டையும் உங்கள் மேசையில் அவர்கள் இலக்கமும் இருக்கட்டும்.

வருட முடிவில் ஒரு பக்கக் கணக்கு: வந்தது, செலவானது, எத்தனை குடும்பம், மிச்சம். கொடுத்தவர்களுக்கு அனுப்பி, அட்டை வைத்திருக்கும் பார்மசிக்கும் ஓட்டோ ஸ்டாண்டுக்கும் ஒரு பிரதி கொடுங்கள், அவர்களும் பங்காளிகள்தான். அதே சுற்றில் பழைய அட்டைகளையும் பாருங்கள். நேரமோ முகவரியோ மாறியிருந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். எப்போதாவது இலக்கத்தையே மாற்ற நேர்ந்தால் பழைய சிம்மைக் குறைந்தது இரண்டு வருடம் ரீலோட் போட்டு உயிரோடு வைத்திருந்து, அதற்கு வரும் அழைப்பைப் புதிய இலக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். பதுளையில் யாரோ ஒருவரின் கிளினிக் கொப்பிக்குள் அந்தப் பழைய அட்டை இன்னும் இருக்கலாம்.